வாவியின் இரு கரைகள்: மட்டக்களப்பில் போர்க்கால ஆட்பற்றாக்குறையும் வீட்டு விடுமுறையும்

1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கை உள்நாட்டுப் போரில், மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் நிலைமையைப் பெரும்பாலும் ஆட்கணக்கே தீர்மானித்தது. இலங்கை இராணுவத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் முதன்மைக் களம் வடக்கில் இருந்தது. யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ பெருஞ்சண்டை மூண்டபோதெல்லாம் இரு தரப்பும் கிழக்கிலிருந்து ஆட்களை நகர்த்தின. அதனால் விழுந்த வெற்றிடத்தை அரசு ஊர்காவற்படையையும் துணைக்குழுக்களையும் கொண்டு நிரப்பியது. புலிகள் புதிய ஆட்சேர்ப்பால் நிரப்பினர். ஆள் குறையக் குறைய விடுமுறை அரிதாயிற்று. விடுமுறை அரிதானதும், கிடைத்த சில நாளில் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பாமல் விடுவது பெருகிற்று. 2004இல் புலிகள் இயக்கம் பிளந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களிலும் இந்த ஆட்கணக்கு முன்னிடம் பெற்றிருந்தது.

வாவியும் கரைகளும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமானது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. சூரியன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. மட்டக்களப்பு நகரின் பெரும்பகுதியும் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி முதலிய நெருக்கமான ஊர்களும் எழுவான்கரையில் அல்லது அதையொட்டி அமைந்தவை. வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் காடும் படுவான்கரையில். எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பெரும்போக விதைப்புக்கும் அறுவடைக்கும் இரு கரைக்கும் போய்வருவது தலைமுறை வழக்கம்.

போர்க்காலத்தில் இந்தப் புவியியல் படை எல்லையாக மாறியது. 1990களின் நடுப்பகுதி முதல் எழுவான்கரை அரசின் கையிலும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்தன. அரசின் சொல்வழக்கில் ஒன்று ‘விடுவிக்கப்பட்ட’ பகுதி, மற்றது ‘விடுவிக்கப்படாத’ பகுதி. செங்கலடி கறுப்புப் பாலம், வவுணதீவுக்குச் செல்லும் வலையிறவுப் பாலம், மண்முனைத் துறை, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலான துறை, பட்டிருப்புப் பாலம் ஆகியவை கடக்கும் வழிகள். அங்கெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்தன. படுவான்கரை முகாமில் நின்ற ஒரு போராளிக்குத் தாய்வீடு நீருக்கு அப்பால் ஒருமணி நேரத் தூரத்தில் இருக்கலாம். ஆனாலும் இரு தரப்பின் காவலையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

1989: முதற் கட்டாயச் சேர்ப்பு

இப்பகுதியில் பெருமளவிலான கட்டாய ஆட்சேர்ப்பு முதலில் நடந்தது இந்திய அமைதிப்படைக் காலத்தில். 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின் அமைந்த வடக்கு–கிழக்கு மாகாண சபையை ஈ.பி.ஆர்.எல்.எவ். என்ற தமிழ் இயக்கம் நடத்தியது. இந்தியப் படை திரும்புவது உறுதியானதும், புலிகளைத் தனித்து எதிர்கொள்ள அந்த அமைப்புக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1989இல் ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்ற பெயரில் இளைஞர்கள் வீதியிலும் வீட்டிலும் பேருந்திலும் பிடிக்கப்பட்டனர். பலர் பள்ளி மாணவர்கள். ‘பிள்ளைபிடி’ என்ற சொல் ஊர்ப்பேச்சில் புழங்கிற்று. சில வாரப் பயிற்சியோடு துவக்குக் கொடுக்கப்பட்ட இவர்களுக்குப் போரிடும் எண்ணம் இருக்கவில்லை. இந்தியப் படை கிழக்கிலிருந்து விலகிய 1989 இறுதி மாதங்களில் புலிகளின் தாக்குதலில் அந்தப் படை சில வாரங்களிலேயே சிதறியது. பலர் கொல்லப்பட்டனர், சரணடைந்தவர்களும் ஓடி வீடு சேர்ந்தவர்களும் உண்டு. பிடித்துச் சேர்த்த படை வீட்டை நோக்கிக் கலையும் என்பதற்கு இது முதல் எடுத்துக்காட்டு. இப்பகுதியில் அது கடைசி எடுத்துக்காட்டாக இருக்கவில்லை.

இராணுவத்தின் பற்றாக்குறை

1983இல் இலங்கை இராணுவத்தில் ஏறத்தாழ 12,000 பேரே இருந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் எண்ணிக்கை பல மடங்கானபோதும், களங்கள் அதைவிட வேகமாகப் பெருகின. கிழக்கில் இந்தக் குறையைப் பொலிஸ் படை மூலம் ஈடுசெய்யும் வழி முன்பே தொடங்கியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில் உருவான பொலிஸ் விசேட அதிரடிப்படை மட்டக்களப்பின் தெற்குப் பகுதியையும் அம்பாறையையும் தன் பொறுப்பில் எடுத்தது.

1990 ஜூன் 11இல் மட்டக்களப்பில் தொடங்கிய இரண்டாம் கட்டப் போரில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் வீழ்ந்தன. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் கொல்லப்பட்டனர். இராணுவம் நகரங்களை மீட்டது. கிராமங்களை நிலையாகக் காக்க ஆள் போதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபின், முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற்படைக்கு ஆயுதம் வழங்குவது விரிந்தது. சிங்கள எல்லைக் கிராமங்களிலும் அதே ஏற்பாடு. தமிழ்ப் பகுதிகளில் புலிகளுக்கு எதிரான இயக்கங்களின் உறுப்பினர்கள் இராணுவத்தோடு இணைந்து இயங்கினர். மட்டக்களப்பில் ராசிக் குழு என அறியப்பட்டது அவற்றில் ஒன்று. ஊர்காவலருக்குத் தம் ஊரில் தம் வீட்டிலிருந்தே கடமை என்பதால் விடுமுறைப் பிரச்சினை எழவில்லை. அதற்கு விலையாக, போர் அயல் ஊர்களுக்கு இடையிலான பகையாகவும் உருமாறியது.

1994 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல் நடத்தும் அளவுக்குக் கிழக்கில் இராணுவத்தின் பிடி இறுகியிருந்தது. 1995 ஏப்ரல் 19இல் மூன்றாம் கட்டப் போர் வெடித்ததும் நிலை தலைகீழானது. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 1995 ஒக்டோபர் 17இல் தொடங்கிய ‘ரிவிரெச’ என்ற சூரியக்கதிர் நடவடிக்கைக்குப் பெருந்தொகைப் படை வேண்டியிருந்தது. அதற்காகக் கிழக்கின் உட்பகுதி முகாம்கள் பல மூடப்பட்டு, படையினர் வடக்கே அனுப்பப்பட்டனர். எஞ்சியவர்கள் கரையோர நகரங்களையும் பிரதான வீதியையும் காத்தனர். படுவான்கரை ஏறக்குறைய முழுமையாகப் புலிகளின் ஆட்சிக்குள் போனது. யாழ்ப்பாணம் அரசின் கைக்கு வந்ததும் படுவான்கரை கைநழுவியதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தபின் நெருக்கடி கூடியது. வாவியின் மேற்குக் கரையில் இராணுவம் தக்கவைத்திருந்த வவுணதீவு முகாமைப் புலிகள் 1997 மார்ச் 6இல் தாக்கினர். அக்காலத்தில் பொலனறுவைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதியை ஒவ்வொரு காலையும் படையினர் கண்ணிவெடி தேடி நடந்த பின்பே திறந்தனர். இரவில் அது மூடப்பட்டது. ஒரு வீதியைத் திறந்து வைக்கவே பெருந்தொகை ஆட்கள் கட்டுண்டனர்.

படையினரின் விடுமுறை

கிழக்கில் நின்ற அரச படையினரில் பெரும்பாலோர் தென்னிலங்கையின் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின் வீட்டு வழி புணானை, வெலிக்கந்தை, பொலனறுவை ஊடாகச் சென்றது. ஆட்பற்றாக்குறைக் காலத்தில் முதலில் வெட்டப்படுவது விடுமுறை. பெருந்தாக்குதல் நெருங்கினால் எல்லா விடுமுறையும் இரத்தாகும். முன்னரங்கில் இருப்பவருக்குப் பதில் ஆள் வராவிட்டால் முறை தள்ளிப்போகும். இதன் விளைவு தப்பியோட்டம். வீட்டுக்கு வந்த படைவீரர் குறித்த நாளில் முகாமுக்குத் திரும்பாமல் விடுவதே அதன் வழமையான வடிவம். காவலரணிலிருந்து நேரே ஓடுவது அரிது. 1990களில் இப்படி விலகியவர்கள் பத்தாயிரக்கணக்கில் இருந்தனர். அரசு அடுத்தடுத்துப் பொதுமன்னிப்பு அறிவித்தது: குறித்த திகதிக்குள் திரும்பினால் தண்டனை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியினர் திரும்பினர். மன்னிப்பு மறுபடியும் வரும் என்ற எதிர்பார்ப்பு மற்றவர்களை வீட்டிலேயே இருத்தியது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 மார்ச் 10இல், ஆபிரகாம் லிங்கன் இதே வகையான அறிவிப்பைச் செய்தார்: அனுமதியின்றிப் போன படையினர் ஏப்ரல் 1ஆம் திகதிக்குள் திரும்பினால், இல்லாத நாட்களின் சம்பள இழப்போடு விடப்படுவர். அதே ஆண்டு இறுதியில், மூன்றாண்டுச் சேவைக்குச் சேர்ந்திருந்த வீரர் மீண்டும் சேர ஒப்பினால் 30 நாள் வீட்டு விடுமுறை என்ற சலுகை வந்தது. வீட்டுக்குப் போக விடுவதே ஆளைத் தக்கவைக்கும் வழி என்று அங்கே கணக்கிடப்பட்டது. உள்நாட்டுப் போரில் படைவீரரின் வீடு அவர் நடந்தே போகக்கூடிய நிலத்தில் இருப்பதால், விடுமுறைக்கும் விலகலுக்கும் இடைவெளி மெல்லியது.

விடுமுறைப் பயணமே தாக்குதலுக்கு இலக்கானதும் உண்டு. 2006 ஒக்டோபர் 16இல் திருகோணமலை வீதியில் ஹபரணைக்கு அருகே திகம்பதானையில், விடுமுறைக்குப் போகவும் திரும்பவுமாக நின்றிருந்த கடற்படையினரின் பேருந்துகள்மீது வெடிமருந்து நிரப்பிய லொறி மோதியது. ஏறக்குறைய நூறு பேர் இறந்தனர்.

வன்னிக்குச் சென்ற கிழக்கின் படையணிகள்

புலிகள் இயக்கத்தில் சம்பளம் இல்லை. சேவைக்காலம் என்ற வரையறையும் இல்லை. விடுமுறை பொறுப்பாளரின் அனுமதியைப் பொறுத்தது. இயக்கத்தை விட்டு விலக விரும்புபவர் எழுத்தில் கேட்க வேண்டும். இதைத் ‘துண்டு கொடுத்தல்’ என்பர். கேட்டவுடன் அனுமதி கிடைப்பதில்லை. அனுமதியின்றிப் போனவரைத் தேடி இயக்கம் வீட்டுக்கு வரும்.

மட்டக்களப்பு–அம்பாறை மாவட்டத்தின் ஆண் போராளிகளைக் கொண்ட ஜெயந்தன் படையணியும் பெண்களைக் கொண்ட அன்பரசி படையணியும் இயக்கத்தின் பேர்பெற்ற அணிகள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஏ9 வீதியைத் திறக்க இராணுவம் 1997 மே 13இல் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையைத் தொடங்கியபோது, வன்னியில் இருந்த ஆட்கள் புலிகளுக்குப் போதவில்லை. கிழக்கிலிருந்து அணிகள் வரவழைக்கப்பட்டன. காடுவழி நடந்தும் கடல்வழிப் படகிலும் அவர்கள் வன்னி சேர்ந்தனர். கிரானைச் சேர்ந்த விநாயகமூர்த்தி முரளிதரன் என்ற கருணா அக்களத்தின் முக்கிய தளபதியானார். 1998 டிசம்பரில் அந்த நடவடிக்கையை அரசு கைவிட்டது. சண்டை ஓயவில்லை, 1999 நவம்பரில் புலிகளின் ‘ஓயாத அலைகள் 3’ தாக்குதல் தொடங்கியது, 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. கிழக்குப் போராளிகள் பெருந்தொகையில் இக்களங்களில் மடிந்தனர்.

உயிரோடிருந்தவர்களுக்கும் வீடு எட்டாத் தொலைவாயிற்று. படுவான்கரையில் இருந்தபோது, தாய் மண்முனைத் துறையைக் கடந்து முகாமுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துப்போக வழி இருந்தது. வன்னியில் இருப்பவரைப் பார்க்க அரசின் தடைகளையும் நீண்ட பயணத்தையும் தாண்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் வீடு காணாதவர்கள் உண்டு. மட்டக்களப்பின் பிள்ளைகள் வடக்கின் மண்ணுக்காக இறக்கிறார்கள் என்ற முறுமுறுப்பு ஊர்களில் எழுந்தது.

வீட்டுக்கு ஒருவர்

வடக்கே போனவர்களால் கிழக்கில் விழுந்த குறையை ஈடுசெய்யப் புதிய ஆட்கள் தேவைப்பட்டனர். 2001 ஆகஸ்ட், செப்டெம்பரில் வாகரையிலிருந்து படுவான்கரைவரை ‘வீட்டுக்கு ஒருவர்’ என்ற கோரிக்கையைப் புலிகள் கடுமையாக நடைமுறைப்படுத்தினர். கூட்டம் கூட்டிச் சொல்வதில் தொடங்கி, வீடுவீடாகக் கேட்பதாகவும் மறுத்தவரைக் கொண்டுபோவதாகவும் அது மாறியது. பெற்றோர் பிள்ளைகளை நகரத்து உறவினர் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பினர்; பள்ளி வரவு குறைந்தது. திருமணமானவர்களைப் பெரும்பாலும் விட்டுவைத்ததால் பதின்பருவத்திலேயே கலியாணம் கட்டிவைப்பது கூடிற்று. மட்டக்களப்பில் பெண்ணுக்கே வீடு சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். தாய்வழி மரபுள்ள இச்சமூகத்தில் மகளுக்கு வீடு கட்டி முடித்தபின் கலியாணம் என்பது ஒழுங்கு. அந்த ஒழுங்கு இக்காலத்தில் அவசரத்துக்கு வழிவிட்டது.

ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விடுமுறை

2002 பெப்ரவரி 22இல் அரசும் புலிகளும் ஒப்பமிட்ட போர்நிறுத்த உடன்படிக்கையில் விடுமுறைக்கென்றே ஒரு விதி இடம்பெற்றது. இரு தரப்பின் தனிப்பட்ட போராளிகளும் தம் பகுதித் தளபதியின் பரிந்துரையோடு, ஆயுதமின்றி, சாதாரண உடையில், மறுதரப்பின் பகுதியில் வாழும் குடும்பத்தாரையும் நண்பர்களையும் பார்க்கப் போகலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு நாள். பயண நாட்கள் அதில் சேராது.  இரு கரைகளாகப் பிரிந்த மட்டக்களப்புக்கு இவ்விதி பொருத்தமாக அமைந்தது. கறுப்புப் பாலத்தையும் வாவித் துறைகளையும் பகலில் கடந்து தாய்வீட்டுக்குப் போவது, பல ஆண்டுகளின் பின் இயல்பான காரியமாயிற்று.

விடுமுறை திறந்ததும் பழைய சிக்கலும் கூடவே வந்தது. வீட்டுக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. சமாதான காலத்தில் ஆள் குறைவதைத் தடுக்கச் சேர்ப்புத் தொடர்ந்தது. சிறுவர்களும் அதில் அடங்கினர். போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்றிட்டம் ஒன்றுக்கு யுனிசெப்பின் முன்னெடுப்பில் அரசும் புலிகளும் 2003இல் இணங்கினர். ஆயினும் சிறுவர் சேர்ப்பு நிற்கவில்லை. மட்டக்களப்பே அதில் மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டமாகப் பதிவாகிற்று.

ஆயிரம் பேர்

2004 மார்ச் 3இல் கருணா வன்னித் தலைமையிலிருந்து பிரிவதாக அறிவித்தார். கிழக்கிலிருந்து மேலும் ஆயிரம் போராளிகளை வன்னிக்கு அனுப்புமாறு தலைமை கேட்டதை அவர் முன்வைத்தார். போர் நடக்காத காலத்தில் ஏன் அனுப்பவேண்டும் என்பது கேள்வி. இயக்கத்தின் நிருவாகத் துறைகளின் தலைமையில் கிழக்கு மாகாணத்தவர் இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. நிதி தொடர்பாகவும் ஒழுங்குமீறல் தொடர்பாகவும் தலைமை அவர்மேல் எதிர்க்குற்றம் சாட்டி மார்ச் 6இல் அவரை நீக்கியது. அவருக்குப் பதிலாக ரமேஷ் என்பவர் மட்டக்களப்பு–அம்பாறைச் சிறப்புத் தளபதியானார். பிளவின் காரணங்கள் இன்றும் வாதத்துக்குரியவை. ஆனாலும் ஆயிரம் பேர் என்ற கணக்கு ஊர்மக்களைத் தொட்டதற்கு, 1997 முதல் வன்னிக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவே பின்னணி.

ஏப்ரல் 9ஆம் திகதி பெரிய வெள்ளியன்று வன்னியிலிருந்து வந்த அணிகள் வெருகல் ஆற்றைக் கடந்து தாக்கின. இரு பக்கமும் நின்றவர்களில் ஒரே ஊர்க்காரரும் இருந்தனர். சில நாட்களில் எதிர்ப்பு ஓய்ந்தது. கருணா தன் படையைக் கலைத்து, போராளிகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மட்டக்களப்பை நீங்கினார். பெற்றோர் முகாம்களுக்கு விரைந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தனர். வீடு சேர்ந்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் விடுமுறை கிடைக்காத ஒரு படை, ஒரே வாரத்தில் முழுவதுமாக வீட்டுக்குப் போயிற்று.

மீண்டும் ஆள் தேடல்

வீடு சேர்ந்தவர்கள் வீட்டில் நிலைக்க விடப்படவில்லை. கிழக்கை மீளப் பிடித்த புலிகளுக்கு அனுபவமுள்ள ஆட்கள் தேவைப்பட்டனர்; அவர்களின் பெயரும் முகவரியும் இயக்கத்திடம் இருந்தன. 2004 நடுப்பகுதி முதல் முன்னாள் போராளிகளைத் திரும்ப வரும்படி வீடுவீடாகக் கேட்டனர். வராதவர்களின் சகோதரரையோ பெற்றோரையோ கொண்டுபோன நிகழ்வுகளும் பதிவாகின. 2005இல் கோயில் திருவிழாக்களுக்கு வந்த சிறுவர்களும் கடத்தப்பட்டனர். ஊரும் உறவும் கூடும் சடங்குகளும் தேரோட்டங்களும் அச்சத்தோடு போய்வரும் இடங்களாயின. 2004க்கு முந்திய காலத்தைவிடப் பெற்றோரின் எதிர்ப்பு இம்முறை வெளிப்படையாக இருந்தது. தாய்மார் திரண்டு வாகனங்களை மறித்த சம்பவங்கள் நடந்தன.

மறுபக்கம், கருணா தரப்பு ‘தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள்’ என்ற பெயரில் அரச படையோடு சேர்ந்து இயங்கி, அதுவும் ஆள் தேடியது. 2006இல் அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியிலேயே இளைஞர்களும் சிறுவர்களும் கடத்தப்பட்டனர். அந்த ஆண்டு நவம்பரில் இலங்கை வந்த ஐ.நா. சிறப்பு ஆலோசகர் அலன் ரொக், இக்கடத்தல்களுக்குப் படையினரில் சிலர் துணைபோனதாகக் கூறினார். அரசு அதை மறுத்தது. சிறுவரைச் சேர்ப்பதை நிறுத்தி இருப்பவரை விடுவிக்கும் செயற்றிட்டத்தில் அந்த அமைப்பும் அரசும் யுனிசெப்பும் 2008 டிசம்பரில் ஒப்பமிட்டன.

இறுதிக் கட்டம்

2006இலிருந்து அரசு இராணுவத்துக்கு ஆட்சேர்ப்பைப் பெருமளவில் விரித்தது. ஊர்காவற்படை சிவில் பாதுகாப்புப் படையாக மறுசீரமைக்கப்பட்டது. 1995இல் இருந்ததுபோல் ஒரு களத்துக்காக மற்றொரு களத்தைக் கைவிடும் நெருக்கடி இம்முறை அரசுக்கு இல்லை. 2007 ஜனவரியில் வாகரையும் மார்ச் இறுதியில் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலையும் ஜூலை 11இல் தொப்பிகல என்ற குடும்பிமலையும் அரசின் கைக்கு வந்தன. மார்ச் மாதச் சண்டையின்போது மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இடம்பெயர்ந்திருந்தனர். படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரை முகாம்களில் தங்கினர்.

எஞ்சிய கிழக்குப் போராளிகளில் பலர் வன்னிக்குப் பின்வாங்கினர். அங்கே புலிகளின் ஆட்பற்றாக்குறை உச்சத்தை எட்டியது. வீட்டுக்கு ஒருவர் என்பது ஒன்றுக்கு மேற்பட்டவராகவும் ஆனது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 594 பேர் சிறுவர்கள். வெலிக்கந்தை அருகிலுள்ள கந்தகாடும் சேனபுரவும் அந்நிலையங்களில் அடங்கும். மட்டக்களப்பில் நின்ற படையினர் விடுமுறைக்குச் சென்ற அதே வீதியில், விடுவிக்கப்பட்ட கிழக்குப் போராளிகள் ஊர் திரும்பினர்.

மண்முனைத் துறையின் படகுப் பாதைக்குப் பதிலாக 2014இல் பாலம் திறக்கப்பட்டது. எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போவது இப்போது சில நிமிடப் பயணம். ஆட்கணக்கு மட்டும் மூடப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களோடு களத்தில் காணாமற்போன அரச படையினரின் குடும்பங்களின் முறைப்பாடுகளையும் ஏற்கிறது. வன்னிக்கு அனுப்பப்பட்ட மட்டக்களப்புப் பிள்ளையையும் தென்னிலங்கைக் கிராமத்துப் படைவீரரையும் தேடும் விண்ணப்பங்கள் ஒரே அலுவலகத்துக்குச் செல்கின்றன.